கேசினோ சீட்டுப் போட்டிக்கு ஒரு லட்சம் கட்டலாமா? ஓர் இளைஞரின் கேள்வியும் சில கணக்குகளும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் ஓர் இளைஞர் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளை. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. ஐந்து வேளைத் தொழுகையைப் பேணுபவர், பெற்றோருக்கு அடங்கிய பிள்ளை.

"ஹஜ்ரத், ஒரு விஷயம் கேக்கணும். அத்தாவுக்குத் தெரிய வேணாம்."

"சொல்லுங்க தம்பி."

மொபைலில் போக்கர் விளையாடிப் பழகியிருக்கிறார். சிறு தொகைகள் ஜெயித்தும் இருக்கிறார். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்ததும் செயலிகளில் பணம் வைத்து ஆடுவது நின்றுவிட்டது. இப்போது நண்பர்கள் கோவாவில் கேசினோவில் நடக்கும் சீட்டுப் போட்டிக்குப் புறப்படுகிறார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு லட்சம். தங்கையின் நிக்காஹுக்கென அவர் சேர்த்து வைத்த மூன்று லட்சத்திலிருந்து அதை எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

"இது சூதாட்டம் இல்ல ஹஜ்ரத், திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. கோவாவுல சட்டப்படி அனுமதி இருக்கு. தோத்தா ஒரு லட்சத்தோட முடிஞ்சிரும். ஜெயிச்சா நிக்காஹ் செலவு போக பள்ளிக்கும் கொடுப்பேன்."

நான்கு வாதங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரின் மனதிலும் இவை இருக்கின்றன. ஹராம் என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பினால் அவர் கேட்டுக்கொண்டு போய்விடுவார், ஆனால் மனதில் கேள்வி அப்படியே இருக்கும். எனவே ஒவ்வொன்றாகப் பேசினோம். அவரது சம்மதத்துடன், அடையாளம் தெரியாதவாறு இங்கே எழுதுகிறேன்.

திறமையா, அதிர்ஷ்டமா?

நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மையே. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று 1968லேயே உச்ச நீதிமன்றம் கூறியது. இணைய சூதாட்டத்தால் தற்கொலைகள் பெருகியபோது தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, பின்னர் தடைச் சட்டமும் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைப் பொதுவாக ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் எனப் பட்டியலிட்ட பகுதியை ரத்து செய்தது. தம்பி கேள்விப்பட்டது இதைத்தான்.

சரி, திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த மேசையில் திறமை யாரிடம் இருக்கிறது? பல்லாண்டுகளாக அதையே பிழைப்பாக வைத்திருப்பவரிடம்தான். புதிதாகப் போகிறவர் அந்தத் திறமைக்கு இரையாகத்தான் போகிறார். இந்த ஆட்டத்தில் அனுபவசாலிகள் புதியவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே 'மீன்'. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இல்லை, கையில் நல்ல சீட்டு வந்தால் புதியவரும் ஜெயிக்கலாம் என்றால், அது அதிர்ஷ்டத்தை நம்பிப் பணம் வைப்பது. அதற்குப் பெயர் சூதாட்டம்.

ஆக, திறமை என்றால் புதியவருக்கு நஷ்டம், அதிர்ஷ்டம் என்றால் சூது. எந்தப் பக்கம் திரும்பினாலும் புதியவர் போவதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஜெயித்தவரின் கதையும் தோற்றவர்களின் எண்ணிக்கையும்

"2003ல ஒரு சாதாரண அக்கவுண்டன்ட் ஜெயிச்சாரே" என்றார் தம்பி. அதுவும் உண்மை. அமெரிக்காவின் கிறிஸ் மணிமேக்கர் நூறு டாலருக்கும் குறைந்த இணையப் போட்டி ஒன்றின் வழியாக லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஒரு கதை உலகெங்கும் எத்தனையோ புதியவர்களை அந்த மேசைக்கு இழுத்து வந்தது.

நான் கலைக் கல்லூரியில் படித்தவன், கணக்கில் புலி அல்ல. ஆனால் இந்தக் கணக்கிற்குப் பெருக்கலும் கழித்தலும் போதும். அதே போட்டியில் 2023ல் ஆடியவர்கள் 10,043 பேர். நுழைவுக் கட்டணம் தலைக்கு 10,000 டாலர். பரிசு பெற்றவர்கள் 1,507 பேர். மீதி 8,536 பேர் கட்டிய முழுத்தொகையையும் இழந்தார்கள். அதாவது நூற்றுக்கு 85 பேர். முதலிடம் வந்தவருக்கு 1 கோடியே 21 லட்சம் டாலர் கிடைத்தது. அவரது புகைப்படம் உலகம் முழுவதும் போனது. அந்த 8,536 பேரின் புகைப்படங்களை யாரும் போடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தலைக்கு 10,000 டாலரில் பரிசுத் தொகைக்குப் போனது 9,300 மட்டுமே. மீதி 700 டாலர் போட்டி நடத்தும் செலவுக்கும் நடத்துபவர்களுக்கும் போனது. 10,043 பேரிடம் அப்படி எடுத்தது 70 லட்சம் டாலருக்கு மேல். ஆடுகிறவர்களை மொத்தமாக ஒரு குடும்பமாக எண்ணிப் பார்த்தால், உள்ளே கொண்டுபோனதைவிடக் குறைவாகத்தான் அந்தக் குடும்பம் வெளியே கொண்டுவருகிறது. யார் தோற்றாலும் தோற்காதவர் நடத்துபவர் ஒருவரே.

நம் நாட்டில் வரியும் சேர்கிறது. சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்திற்கு 30 சதவீத வருமான வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். தோற்ற பணத்தை அதில் கழிக்க முடியாது. ஒருவர் ஓராண்டில் லட்சம் ரூபாய்ப் போட்டிகள் ஐந்தில் ஆடி, நான்கில் தோற்று, ஒன்றில் நான்கு லட்சம் ஜெயித்தார் என்று வையுங்கள். கையில் ஏற்கெனவே ஒரு லட்சம் குறைவு. அதற்கு மேல் நான்கு லட்சத்திற்கு வரி 1,24,800 ரூபாய். ஜெயித்த பிறகும் அவருக்கு நஷ்டம் 2,24,800 ரூபாய்!

"ஒரு லட்சத்தோடு முடிஞ்சிரும்" என்ற வாதமும் நிற்பதில்லை. பல போட்டிகளில் தோற்றவர் மறுபடியும் கட்டணம் கட்டி உட்கார அனுமதி உண்டு. தோற்ற கோபத்தில் இருப்பவரிடம் இன்னொரு லட்சம் கேட்கப்படும். அப்போது அவர் கணக்கிலிருக்கும் மீதி இரண்டு லட்சம் சும்மா இருக்குமா?

அரசு அனுமதித்தால் ஆகுமானதா?

கோவாவில் கேசினோவுக்குச் சட்ட அனுமதி உண்டு. மாண்டோவி ஆற்றில் கப்பல்களிலேயே நடக்கிறது. ஆனால் நம் தெருவில் டாஸ்மாக் கடைக்கும் அரசு அனுமதி இருக்கிறது. வட்டிக்கும் அனுமதி இருக்கிறது. அதனால் அவை நமக்கு ஹலால் ஆகிவிடவில்லை. சட்டம் கேட்பது தண்டிக்கலாமா என்பதை. மார்க்கம் கேட்பது அல்லாஹ்விடம் கணக்குக் கொடுக்க முடியுமா என்பதை.

அனுமதி கொடுத்த அரசுகளே தம் மக்களை எப்படிப் பார்க்கின்றன என்பதும் பாடம். நம்மில் பலருக்கு உறவினர்கள் இருக்கும் சிங்கப்பூரில் 2010ல் கேசினோக்கள் திறக்கப்பட்டன. வெளிநாட்டவர் சும்மா உள்ளே போகலாம். சொந்தக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் ஒரு நாளைக்கு நுழைவு வரி கட்ட வேண்டும். முதலில் 100 வெள்ளி, 2019 முதல் 150 வெள்ளி. சூதில் விழுந்தவரை உள்ளே விடாதீர்கள் என்று குடும்பத்தினரே தடை உத்தரவு பெறவும் அங்கு வழி இருக்கிறது. லாபம் பார்க்கும் நாடே தன் பிள்ளைகளை வாசலில் தடுக்கிறது என்றால், நம் பிள்ளையை நாம் தடுக்க வேண்டாமா?

பள்ளிக்குக் கொடுத்தால்?

தம்பியின் நான்காவது வாதம் நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஆனால் அது 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய வாதம்.

இஸ்லாத்துக்கு முன் அரபுகள் ஆடிய மைஸிர் என்ற சூதில், ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பெருமையாகக் கருதினார்கள். பஞ்ச காலத்தில் அது தர்மமாகவே பார்க்கப்பட்டது.

அந்தப் பின்னணியில் 2:219 வசனத்தை ஓதிப் பாருங்கள். மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை அல்லாஹ் மறுக்கவில்லை. பாவம் பயனைவிடப் பெரியது என்று சொல்கிறான். பின்னர் 5:90, 91 வசனங்களில் மதுவையும் சூதையும் ஷைத்தானின் அசுத்தமான செயல் என்று கூறி, விலகச் சொல்கிறான். பகைமையையும் வெறுப்பையும் மூட்டி, இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பதே ஷைத்தானின் நோக்கம் என்று காரணத்தையும் விளக்குகிறான். ஏழைக்கு இறைச்சி கிடைத்தபோதே ஆகாதது, பள்ளிக்குச் சந்தா கிடைப்பதால் ஆகுமா?

வா, சூதாடலாம் என்று நண்பனை வாயால் அழைத்தவர்கூட அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அழைப்பதற்கே இப்படியென்றால் ஆடுவதை என்னவென்பது!

எது போட்டி, எது சூது?

2022ல் நம் மாமல்லபுரத்தில், பூஞ்சேரியில், 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்தன. சதுரங்கம் விளையாடுவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வெறுக்கத்தக்கது என்ற அளவில் சொல்லப்படுகிறது, மற்றவர்கள் இன்னும் கடுமையாகச் சொன்னார்கள். ஆனால் இருவரும் பணம் வைத்து ஆடினால் அது ஹராம் என்பதில் எவருக்கும் வேறுபாடு இல்லை. முழுக்க மூளையால் ஆடும் சதுரங்கத்திலேயே, திறமை என்பது பந்தயத்தை ஆகுமாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஃபிக்ஹ் கேட்கும் கேள்வி எளியது: கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் தன் பணத்தை வைத்து, ஒன்று இழப்பது அல்லது அடுத்தவர் பணத்தை அடைவது என்ற நிலையில் இருக்கிறாரா? ஆம் என்றால் அது சூது. ஆகுமான ஒரு போட்டிக்கு வெளியே உள்ள ஒருவர் பரிசு கொடுத்து, தோற்றவர் எதையும் இழக்காவிட்டால் அது பரிசு.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் நடக்கும் கிரிக்கெட் டோர்னமென்ட்டுகளில் அணிக்கு இவ்வளவு என நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தையே முதல் பரிசாகக் கொடுக்கிறோம். அதே கேள்வியை இங்கே கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். மைதானம், பந்து, நடுவர் செலவுக்கு மட்டும் கட்டணம் வாங்குங்கள். பரிசை ஊர்ப் பெரியவர் ஒருவரோ, ஒரு கடையோ கொடுக்கட்டும். பத்து வயதில் இதைச் சரியாகக் கற்ற பிள்ளைக்கு இருபத்தைந்து வயதில் கேசினோவின் வாசல் அந்நியமாகத் தெரியும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

தம்பி கடைசியாக ஒன்று கேட்டார்: "ஃபிரண்டு ஜெயிச்சு வந்துட்டா என்ன செய்றது ஹஜ்ரத்?"

"ஜெயிக்கலாம் தம்பி. நூத்துல பதினஞ்சு பேர் பணத்தோட வர்றாங்களே. அவர் ஜெயிச்சா தீர்ப்பு மாறாது. பணம் எங்கிருந்து வந்துச்சு, எதுல போச்சுன்னு மறுமையில கேள்வி இருக்குன்னு நபி (ஸல்) அவங்க சொன்னது திர்மிதீல இருக்கு. அந்தக் கேள்வி அவருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு."

அவர் போகவில்லை. மூன்று லட்சத்தையும் அத்தாவின் கையில் கொடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார். நண்பர்கள் போனார்கள். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அத்தாவுக்குத் தெரிய வேணாம்" என்ற அந்த ஒரு வரிதான் எனக்கு அதிகம் உறுத்தியது. ஜெயித்ததையும் தோற்றதையும் பிள்ளைகள் வீட்டில் சொல்லப் பயப்படும்போதுதான் கடன் வளர்கிறது. கேட்டதும் கத்தாதீர்கள். முதலில் எவ்வளவு கடன் என்று கேளுங்கள். மொத்தமாக அடைத்துவிட்டு மறுபடி பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கைச் சில மாதங்கள் வீட்டார் பார்வையில் வையுங்கள். நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் அது நோயின் அறிகுறி. 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது. மருத்துவம் பார்ப்பதில் வெட்கமில்லை.

ஏற்கெனவே ஆடி ஜெயித்த பணம் கையில் இருந்தால், தவ்பா செய்யுங்கள். யாரிடமிருந்து வந்தது எனத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். தெரியாவிட்டால் நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்து உங்கள் கையைச் சுத்தப்படுத்திக்கொள்ளுங்கள். தோற்றவர்கள், போனது போகட்டும் என்று நிறுத்துங்கள். அதை மீட்கப் போவதுதான் இரண்டாவது குழி.

தங்கையின் நிக்காஹ் எளிமையாக நடந்தால் மூன்று லட்சம்கூடத் தேவைப்படாது. ஆடம்பரத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது, சீட்டு நம் கையில் இல்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் ஹலாலையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.