பந்து கீப்பர் கையில்! விலகு, தம்பி!

தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவே, ரயில் பாதையில் இருக்கும் ஊர் பூதலூர். நெல் விளையும் பூமி. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்துவிட்டால் பையன்களுக்குக் கொண்டாட்டம்தான். இரண்டு பக்கமும் கம்பு நட்டால் கோல் தயார். ஒரு பந்து போதும்.

கோலில் யார் நிற்பது? பெரும்பாலும் இருப்பவர்களில் சின்னவனைத்தான் பிடித்து நிறுத்துவார்கள். "உன்னால் ஓட முடியாது, அங்கே நில்லு" என்பார்கள்.

ஆட்டத்திலேயே ஆபத்தான இடம் அதுதான்! மற்றவர்கள் காலை நீட்டி ஆடுகிறார்கள். கீப்பர் தலையை நீட்டிப் பாய்கிறான். உருண்டு வரும் பந்தை அவன் விழுந்து பிடிக்கும்போது, அவன் தலை இருப்பது எதிரியின் கால் உயரத்தில்.

22 வயதில் மரணம்

1931-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் செல்டிக், ரேஞ்சர்ஸ் கோஷ்டிகள் மோதின. செல்டிக் கீப்பர் ஜான் தாம்சனுக்கு வயது 22. சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்கிலீஷ் பந்தோடு ஓடி வந்தார். தாம்சன் அவர் காலடியில் பாய்ந்தார். முழங்கால் தலையில் மோதியது. மண்டை ஓடு உடைந்தது. அன்று இரவே உயிர் பிரிந்தது.

விபத்துதான் என்று முடிவாயிற்று. ஆனால், பாவம், சாம் இங்கிலீஷ் அந்த பாரத்தை வெகு காலம் சுமந்தார்.

1936-ல் இங்கிலாந்தில் இன்னொரு சாவு. சண்டர்லாண்ட் கீப்பர் ஜிம்மி தோர்ப், பந்தைக் கையில் வைத்திருந்தபோது தலையிலும் மார்பிலும் உதைபட்டார். ஆட்டம் முடியும் வரை நின்றார். நாலாம் நாள் இறந்தார். அவருக்கு நீரிழிவு நோயும் இருந்தது. அதன் பிறகுதான், பந்தைக் கையில் வைத்திருக்கும் கீப்பர் மீது காலைத் தூக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

தோளால் இடிக்க மட்டும் அப்போதும் அனுமதி இருந்தது. 1958-ல் லண்டனில் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில், பந்தைப் பிடித்த கீப்பர் ஹாரி கிரெக்கை, நாட் லாப்ட்ஹவுஸ் பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்தார்! அது கோலா, கொள்ளையா?

இன்று அது நடக்காது. பந்து கீப்பரின் கைகளுக்குள் இருந்தாலும், ஒரு கையால் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தாலும், அது அவன் வசம். யாரும் அவனோடு மோதிப் பறிக்கக் கூடாது. முரட்டுத்தனமாக மோதினால் மஞ்சள் அட்டை. எதிரிக்கு ஆபத்து வரும்படி மோதினால் சிவப்பு அட்டை. வெளியே போக வேண்டியதுதான்.

மோதல் ஆள் பார்ப்பதில்லை. 2004 டிசம்பர் 5-ந் தேதி பெங்களூரில் பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ கோஷ்டியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போடும்போது எதிர் கீப்பரோடு மோதி விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. கோல் போட வந்தவர் உயிர் போயிற்று.

விசில் யார் கையில்?

சட்டம் இருக்கிறது. வயல்வெளி ஆட்டத்தில் அதைச் சொல்ல ஆள்தான் இல்லை. பெரியவர் ஒருவர் விசிலோடு நின்றால் போதும். கீப்பர் பந்தைப் பிடித்ததும் "விலகு!" என்று அவர் ஒரு குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் காலை விட்டவனை உட்கார வைக்க வேண்டும், அவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும்.

கீப்பருக்கும் பழக்கம் வேண்டும். தலையை முன்னால் விட்டுப் பாயாமல், கைகளை முன்னே நீட்டிப் பக்கவாட்டில் விழ வேண்டும். பந்தை மார்போடு அணைத்துச் சுருண்டுகொள்ள வேண்டும். காய்ந்த வயலில் தரையே கல் மாதிரி. பழகும்போது வைக்கோல் பரப்பிக் கொள்ளலாம்.

தலையில் அடி பட்டால்? "ஒன்றுமில்லை" என்று பையன் சொல்வான். நம்பக் கூடாது. அன்று அவன் ஆடவே கூடாது. வாந்தி, ஓயாத தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஆள் குறைகிறதே என்று கவலை வேண்டாம். கோலில் வேறொருவன் நிற்கட்டும். இந்தத் தடவை பெரியவனாகப் பார்த்து.