யூத வெறுப்பு: சொல்லும் வழக்கும்

‘ஆன்டிசெமிட்டிசம்’ என்னும் சொல், யூதராகப் பிறந்தார் என்பதற்காகவே ஒருவர்மீது கொள்ளும் வெறுப்பைக் குறிக்கும். பிரித்துப் பார்த்தால் ‘செமித்தியர்க்கு எதிரானது’ என்றே பொருள்படும். விவிலியத்தில் வரும் நோவாவின் மகன் சேமின் பெயரால், எபிரேயம், அரபு, அரமேயம் முதலிய மொழிகளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர் ‘செமித்திய மொழிகள்’ என்றனர். காரைக்கால் பள்ளிவாசல்களில் ஓதப்படும் அரபும் இக்குடும்பத்ததே. அங்ஙனமாயின், அரபு மக்கள்மீதான வெறுப்பையும் இச்சொல் சுட்டுமோ? சுட்டாது. முள்ளுடைய செடிகள் பலவாயினும் ‘முள்ளி’ என்பது ஒரு செடிக்கே வழங்குவதைக் காரண இடுகுறிப்பெயர் எனக் கற்றுள்ளோம். இதுவும் அத்தகையதே.

இவ்வழக்கு தானே அமைந்ததன்று. ஜெர்மானிய இதழாளர் வில்ஹெல்ம் மார் 1879இல் இதனைத் தம் இயக்கத்தின் பெயராகப் பரப்பினார். ‘யூத வெறுப்பு’ என நேராகப் பொருள்தரும் சொல் ஜெர்மன் மொழியில் முன்பே உண்டு. ஆனால் அதில் வெறுப்பு வெளிப்படையாகத் தெரிந்தது. மொழியியலிலிருந்து இரவல் பெற்ற புதுச்சொல்லோ அறிவியல்போல ஒலித்தது. மொழிக்குடும்பத்தின் பெயர் இனத்தின் பெயராயிற்று. மதம் மாறிய யூதரும் அதினின்று தப்ப இயலவில்லை.

காரைக்காலை அப்போது ஆண்ட பிரான்சிலும் இவ்வெறுப்பு வேரூன்றியது. யூதரான படை அதிகாரி ஆல்பிரட் திரேஃபுஸ் செய்யாத குற்றத்திற்காக 1894இல் தண்டிக்கப்பட்டார். 1906இல்தான் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. 1940 அக்டோபரில் விஷி அரசு யூதரைப் பணிகளினின்று விலக்கச் சட்டம் இயற்றியது. முந்தைய மாதமே புதுச்சேரி ஆளுநர் போன்வேன் தெகோல் அணியில் சேர்ந்துவிட்டமையால், காரைக்கால் அவ்வரசின்கீழ் இல்லை. ஐரோப்பாவிலோ நாசிகள் ஏறத்தாழ 60 லட்சம் யூதரைக் கொன்றனர்.

தமிழில் இதனை ‘யூத எதிர்ப்பு’ என்று எழுதுவோர் உளர். நம் வழக்கில் எதிர்ப்பு என்பது பெரும்பாலும் ஒரு செயலை நோக்கியது. இந்தித் திணிப்பு எதிர்ப்பு என்னும்போது அச்சொல்லுக்கு ஒரு நிமிர்வு உண்டு. அந்நிமிர்வை ஒரு மக்களின் பிறப்பைப் பழிக்கும் செயலுக்குக் கொடுத்தால், மார் தொடங்கிய வேலையை நாமே தமிழில் முடித்துக் கொடுத்தவராவோம். ‘யூத வெறுப்பு’ என்பதே தகும். பொருள் மயங்குமிடத்தில் ‘யூதர்மீதான வெறுப்பு’ எனலாம்.

இஸ்ரேல் அரசின் ஒரு நடவடிக்கையைக் கண்டிப்பது யூத வெறுப்பாகாது. அந்நடவடிக்கைக்காகக் கொச்சியில் வாழும் யூதரைப் பழிப்பது யூத வெறுப்பு. கடுவட்டி வாங்குவோரை ‘ஷைலாக்’ என்பாரும் உண்டு. ஷேக்ஸ்பியர் படைத்த அப்பாத்திரம் யூதன் என்பதை அறியாமலே பலர் அவ்வாறு கூறுகின்றனர்.