மீன்தொட்டியும் ஒரு கரண்ட் கட்டும்

மீன்தொட்டி வைக்கப்போறேன்னு சொன்னதும் ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி, "பெர்லின் மாதிரி ஆயிடாதே?" 2022 டிசம்பர் 16 விடிகாலையில் அங்கே ஒரு ஹோட்டலுக்குள் இருந்த அக்வாடோம் வெடித்து, 10 லட்சம் லிட்டர் தண்ணீர் தெரு வரைக்கும் ஓடியது. சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. நம்மது வெறும் 112 லிட்டர்தாங்க!

ஆனா எனக்கு ஆசை சம்ப் மேல. நம்மூர்ல வாசல் சம்ப்ல தண்ணி பிடிச்சு, மோட்டார் போட்டு மாடிக்கு ஏத்துவோமே, அதே சங்கதிதான். மேல்தொட்டியில் நிரம்பி வழியற தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு வந்து, ஃபில்டர் பஞ்சில் சுத்தமாகி, பம்ப் வழியா திரும்ப மேலே போகும்.

மீன் விடறதுக்கு முன்னாடி சும்மா பம்ப்பை அணைச்சேன். பம்ப் நின்னுது, தண்ணீர் நிக்கலை! மேலே போற குழாயின் வாய் 10 செ.மீ. ஆழத்தில் முங்கியிருந்ததால், சைஃபன் ஆகி அதே வழியா கீழே இறங்குது. 80-க்கு 35 செ.மீ. தொட்டியில் அது 28 லிட்டர். சம்ப்பில் காலி இடமோ 12 லிட்டர். குழாயைப் பிடுங்கறதுக்குள்ள ஒரு பக்கெட் தண்ணி மரத்தரையில். கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவாங்களோன்னு உயிரே போயிடுச்சு.

இப்போ குழாய் வாயை 1 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்திட்டேன். அணைச்சா, நாலு லிட்டருக்குள்ள இறங்கி நின்னுடுது.

கரண்ட் கட்டிலேயே வளர்ந்தவனுக்கு இது தோணியிருக்க வேணாமா? ஜெர்மனியில கரண்ட் போகாதுங்கிற தெனாவெட்டு! சம்ப் வைக்கப்போறவங்க, மீன் வாங்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு கரண்ட் கட் பண்ணிப் பாருங்க மக்கா.