மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கலாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் வயலிலோ திராட்சைத் தோட்டத்திலோ மலைப்பாம்பைப் பார்த்தால், செல்ஃபி எடுத்த கையோடு சிலர் கேட்பது: ‘இதை நாமே வளர்த்தா என்ன?’

முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில் இந்திய மலைப்பாம்பு இருக்கிறது. பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

அப்போ வீடியோக்களில் கழுத்தில் சுற்றிக்கொண்டு வருகிறார்களே? அது பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். அதையும் சும்மா வைத்திருக்க முடியாது. மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிய வேண்டும். பாங்காக்கிலிருந்து பையில் ஒளித்து வந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டியவர்கள் உண்டு.

தீனி போடுவதும் லேசுப்பட்டதில்லை. பெரிய இரை ஒன்றை விழுங்கினால் வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் செரிக்க உடம்பில் சூடு வேண்டும், யாரும் தொடக்கூடாது. வயிறு புடைத்த பாம்பைத் தூக்கினால் விழுங்கியதைக் கக்கிவிடும். வரப்பில் அசையாமல் கிடப்பதைச் சாக்கில் திணித்தாலும் இதே கதைதான். அத்தனை நாள் சாப்பாடும் போச்சு.

விஷம் கிடையாது, கடி பலமாக விழும். தள்ளி நின்று 101-க்கோ வனத்துறைக்கோ போன் போடுங்க. அவர்கள் வரும்வரை கோழியையும் ஆட்டுக்குட்டியையும் அடைத்து வையுங்கள்.