வரிப்பணமும் கொள்முதல் முறையும்

ஒரு குடும்பத்தின் செல்வம் பெருகுவதும் அருகுவதும் அதன் வருவாயை மட்டும் பொறுத்தனவல்ல. பண்டங்களை வாங்கும் வகையையும் பொறுத்தனவாம். ஊராட்சிக்கும் இஃது ஒக்கும். ஸ்தல ஸ்தாபனங்களைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் வரியின் பாரத்தைப் பற்றியே பேசுகின்றனர். அவ்வரிப்பணம் விளக்குக்கம்பமாகவும், குழாயாகவும், மருந்தாகவும், வடிகாலாகவும் மாறுகின்ற இடத்தை உற்று நோக்குவோர் மிகச் சிலர். அவ்விடத்திற்குக் கொள்முதல் என்று பெயர். அதனைச் செம்மை செய்யும் வழிகளை வடசென்னையை முன்னிட்டு ஈண்டு ஆராயக் கருதுகின்றோம்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் துறைமுகமும் தொழிற்சாலைகளும் நெருங்கியவை, உழைப்பாளிகள் மிகுந்தவை, தாழ்ந்த கடற்கரை நிலமாதலின் மழைக்காலத்தில் துன்புறுபவை. 2011ஆம் ஆண்டில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய நகராட்சிகள் உட்பட 42 ஸ்தல ஸ்தாபனங்கள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் மழைநீர் வடிகால்கள் அமைப்பதற்கென ஆசிய வளர்ச்சி வங்கி 2021ஆம் ஆண்டில் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடன் வழங்க இசைந்தது. கடன் என்னும் சொல்லை வாசகர்கள் நினைவிற்கொள்க. நம் பின்னோரும் சேர்ந்து அடைக்கவேண்டிய பணம் அது. வேலை ஒவ்வொன்றிற்கும் தக்க விலைக்கு மேல் 100க்கு 10 வீதம் மிகுதியாகக் கொடுக்கப்படுமாயின், 11 தெருக்களுக்குப் போதுமான பொருளில் 10 தெருக்களே வடிகால் பெறும். எஞ்சிய தெருவில் நீர் தேங்கும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வீசிய மிக்ஜாம் புயலின்போது நீர்சூழ்ந்த வீடுகளில் இருந்தோர்க்கு இக்கணக்கை விளக்கவேண்டுவதில்லை.

பொருள் விரயமாவதற்குக் காரணம் யாதென வினவின், இலஞ்சம் என்பதே பலர் கூறும் விடையாம். இலஞ்சம் கொடிதென்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவே முழு விடையன்று. இத்தாலிய நாட்டுப் பொது ஸ்தாபனங்கள் ஒரே வகைப் பண்டங்களுக்குக் கொடுத்த விலைகளை ஒப்பிட்டு, பந்தியேரா, பிராட், வல்லெத்தி என்னும் பொருளாதார அறிஞர் மூவர் 2009ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அவர்கள் மதிப்பிட்ட விரயத்தில் 100க்கு 83 பங்கு, வாங்கும் அதிகாரிக்கு யாதொரு ஆதாயமும் தராத விரயமாகும். திறமைக்குறைவும், சிக்கலான விதிகளும், அக்கறையின்மையுமே அதற்கு வித்து. இத்தாலியின் கணக்கு நம் நாட்டிற்கு அப்படியே பொருந்துமென்று நாம் கூறத் துணியோம். எனினும் களவைத் தடுப்பதோடு நில்லாமல் சோர்வையும் அகற்றவேண்டும் என்னும் பாடம் எந்நாட்டிற்கும் பொதுவானதே.

இப்பாடத்திற்கு நம் மாகாணத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1994ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அது முதற்கண் அவசியமான மருந்துகளின் பட்டியலை வகுத்தது. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் விலை கோரியது. அரசினர் மருத்துவமனைகளின் தேவைகளை ஒன்றாகத் திரட்டியது. விலை கோருங்கால் இரண்டு உறைகள் பெறப்படும். முதலுறையில் தகுதிச் சான்றுகளும், இரண்டாம் உறையில் விலையும் இருக்கும். தகுதியில் தேறாதவரின் விலையுறை திறக்கப்படமாட்டாது. சரக்கு வந்தபின் மாதிரிகள், செய்தவர் பெயர் மறைக்கப்பட்டுச் சோதனைச் சாலைகளுக்கு அனுப்பப்படும். ஆகவே மலிவு என்னும் பெயரால் போலி நுழைதற்கு இடம் குறுகிற்று. இராஜஸ்தான், கேரளம் முதலிய மாநிலங்களும் பின்னர் இத்தகைய கழகங்களை அமைத்துக்கொண்டன.

இம்முறையினின்றும் ஸ்தல ஸ்தாபனங்கள் கைக்கொள்ளத்தக்கவை நான்கு என்போம்.

முதலாவது, தேவைகளை ஒருங்கு திரட்டல். பல மண்டலங்கள் ஒரே வகை விளக்கையும் குழாயையும் தனித்தனியே வாங்குங்கால் விலை ஏறும். மத்திய அரசினர் நிறுவனமொன்று எல்.இ.டி. விளக்குகளை நாடளாவத் திரட்டி வாங்கியபோது, 2014ஆம் ஆண்டில் 310 ரூபாயாயிருந்த கொள்முதல் விலை 2016ஆம் ஆண்டில் 38 ரூபாயாக இறங்கிற்று. உற்பத்திச் செலவு குறைந்ததும் இதற்கு ஒரு காரணமே. எனினும் திரண்ட வாங்குதலின் வலிமை இதனால் புலனாகும். ஆனால் சாலை செப்பனிடல் போன்ற வேலைகளை அளவுக்கு மீறித் திரட்டினால் சிறு கண்டிராக்டர்கள் போட்டியிட இயலாமற் போவர். போட்டி குன்றின் விலை மீண்டும் ஏறும். ஆதலின் பண்டத்தின் இயல்பறிந்து திரட்டல் வேண்டும்.

இரண்டாவது, ஆயுட்காலச் செலவை நோக்கல். எண்ணூர்க் கடற்காற்றில் உப்பு மிகுதி; இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். உதாரணமாக, 10,000 ரூபாய்க் கம்பம் 8 ஆண்டும் 14,000 ரூபாய்க் கம்பம் 16 ஆண்டும் நிற்குமாயின், விலை மிக்கதே செலவு குறைந்ததாம். டெண்டர் அறிவிப்பில் இத்தேவையைத் தெளிவாகக் குறிக்காவிடின், குறைந்த விலை கூறியவருக்கே வேலை செல்லும். இழப்பு ஊரைச் சேரும்.

மூன்றாவது, போட்டிக்குப் போதிய காலம் அளித்தல். 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களையும் கட்டுப்படுத்தும். 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைகளுக்கு 15 நாளும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 30 நாளும் தவணை அளிக்கவேண்டுமெனக் குறித்தன. அவசரம் என்று கூறித் தவணையைச் சுருக்குவது வழக்கமாகிவிடின், முன்பே செய்தி அறிந்தோர் சிலரே வருவர். மழைக்கால வேலைகளைக் கோடையிலேயே திட்டமிட்டால் இவ்வவசரம் எழாது.

நான்காவது, தரத்தைச் சோதித்துக் குறித்த காலத்தில் பணம் செலுத்தல். பணம் எப்பொழுது கைக்கு வருமோ என்றஞ்சுகின்ற கண்டிராக்டர், அவ்வச்சத்திற்குரிய வட்டியையும் விலையிற் சேர்த்தே கூறுவார். தாமதம் செய்யும் ஸ்தாபனம் தன்னையறியாமலே தண்டம் கட்டுகின்றது.

இவையெல்லாம் ஏட்டிலிருந்தும் பயனில்லாது போதலுண்டு. விலை கூறுவோர் தமக்குள் முன்னரே உடன்பட்டு முறைவைத்து வெல்வாராயின் சட்டத்தின் வடிவம் நிற்கும், உயிர் நீங்கும். ஆதலின் ஒவ்வோர் ஒப்பந்தத்தின் விலையும், போட்டியிட்டோர் தொகையும், வேலை முடிந்த நாளும் எவரும் ஒப்பிடுமாறு வெளியிடப்படல் வேண்டும்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்கு உரியரல்லர் என விதித்தன. அன்று கல்லில் வெட்டியதை இன்று 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் எளிதாக்கியுள்ளது. கணிதம் பயிலும் மாணவர் விலைகளை ஒப்பிடலாம்; இரசாயனம் பயில்வோர் துருவின் இயல்பை எடுத்துரைக்கலாம்; வணிகம் பயில்வோர் ஒப்பந்தங்களைப் படித்துப் பிறர்க்கு விளக்கலாம். பழைய மாணவருள் ஸ்தல ஸ்தாபனங்களில் பதவி வகிப்போர் கோப்பில் ஒப்பமிடுமுன் அயல் மண்டலம் கொடுத்த விலையை ஒருமுறை கேட்டறியலாம். கல்வியின் பயன் ஊருக்கும் உரித்தாதலை விரும்பும் நாம், இச்சிறு தொண்டையேனும் மேற்கொள்வோமாக.