மண் குதிரை சூளையில் வெடிக்காதது ஏன்?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சில சிற்றூர்களில், ஊர் எல்லையில் ஐயனார் கோயிலும் அதன்முன் சுடுமண் குதிரைகளும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய மண் உருவம் நெருப்பில் வெடித்துச் சிதறாமல் இருப்பது எப்படி?

முதலில் அதன் பொருளைக் காண்போம். ஐயனார் இரவில் குதிரையேறி ஊரைக் காவல் சுற்றுகிறார் என்பது மக்கள் நம்பிக்கை. பிள்ளை பிழைத்தது, மழை பெய்தது என்று நேர்த்திக்கடனாகக் குதிரை செய்து வைக்கிறார்கள். குதிரை தெய்வமன்று, தெய்வத்துக்குத் தரும் ஊர்தி. கண் திறக்கும் சடங்கு நடக்கும்வரை அது வெறும் மண்ணே. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு டோகோன் மக்களும் முன்னோர் நினைவாக மர உருவங்களைச் செதுக்கிப் பலிபீடத்தில் வைத்துக் கூழ் ஊற்றுவர். அங்கும் வணக்கம் மரத்துக்கன்று, முன்னோருக்கே.

இனி நெருப்புக்கு வருவோம். களிமண்ணில் இருவகை நீர் உண்டு. துகள்களுக்கிடையே தங்கும் நீர் ஒன்று. கனிமத்தோடு வேதியியல் முறையில் பிணைந்த நீர் மற்றொன்று. முதல்வகை நீர் முழுதும் உலராமல் சூளையில் ஏற்றினால், 100 டிகிரியில் அது ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். வழியில்லையேல் மண் வெடிக்கும். அதனால்தான் குயவர் குதிரையை உள்ளீடற்றதாகச் செய்து, சுவரை ஒரே கனமாக்கி, துளைகள் விட்டு, நிழலில் பல நாள் உலர்த்துகிறார். மண்ணோடு கலந்த உமியும் ஈரம் வெளியேற வழி தருகிறது. பின்னர் எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்கிறது.

ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸில் பிணைந்த நீரும் பிரிகிறது. அதன்பின் மண் மீண்டும் குழையாது. இதை நீங்களே சோதிக்கலாம். காய்ந்த களிமண் கட்டியையும் ஓட்டுச் சில்லையும் நீரில் போடுங்கள். கட்டி கரையும், சில்லு கரையாது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு ஆக்சைடாகும். குதிரையின் செந்நிறம் அதுவே.

நுண்துளைகளில் மழைநீர் புகுவதால் ஆண்டுகள் செல்லச்செல்லக் குதிரை சிதைகிறது. பழையதை யாரும் பழுதுபார்ப்பதில்லை. புதிய வேண்டுதலுக்குப் புதிய குதிரை வரும். இன்று பல ஊர்களில் சிமெண்டுக் குதிரைகள் நிற்கின்றன. அவை நெடுநாள் நிலைக்கும். ஆனால் மீண்டும் செய்யும் தேவை இல்லாதபோது, எவ்வளவு உமி, எத்தனை நாள் உலர்த்தல் என்னும் கைப்பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகாது. வில்லியனூர்ச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. பெயரைக் காப்பது சட்டம். தொழிலைக் காப்பது வேலை.

அடுத்த முறை உடைந்த குதிரையைக் கண்டால் காலின் உட்புறத்தைப் பாருங்கள். சுவரின் கனமும், உமி எரிந்த துளைகளும், குயவரின் விரல் தடமும் அங்கே தெரியும்.