அத்திப்பட்டு மாடியில் ஸ்ட்ராபெரி: உரத்துக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க

வசந்த காலத்தில் ஸ்ட்ராபெரிக்கு உரம் வைக்கணும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. பனி விலகி, தூங்கிய செடி துளிர்க்கும் நேரம் அது. நம்ம இளவேனில் சித்திரை, வைகாசி. அத்திப்பட்டு மொட்டை மாடியில் அப்போ செருப்பில்லாமல் நிற்க முடியாது. செடி எங்கே நிற்கும்? மகாபலேஸ்வரத்திலேயே செப்டம்பர், அக்டோபரில் நட்டு, மார்ச்சுக்குள் பெரும்பகுதி பறித்துவிடுகிறார்கள். இங்கே பெருமழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் நட்டால், அந்த 'வசந்த உரம்' தை மாதமே போய்ச் சேரணும்.

ஆனால் முதல் கேள்வி தண்ணீர்தான். மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி நீரை இறைத்ததால் 1960களின் கடைசியிலேயே கடல்நீர் நிலத்தடியில் ஏறியது தெரியவந்தது. பயிர்களில் ஸ்ட்ராபெரி உப்புக்கு ரொம்பவே பயந்தது. டிடிஎஸ் மீட்டரில் 450-ஐத் தாண்டினாலே காய்ப்பு குறையத் தொடங்கும். இலை ஓரம் கருகும். அதைச் சத்துக்குறைன்னு நினைச்சு இன்னும் எரு போட்டா, எருவில் இருக்கும் உப்பும் சேர்ந்து செடியைக் கொன்றுவிடும். கோழி எரு இதில் மோசம். தேங்காய் நார்க்கழிவையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் கலக்காதீங்க. மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியின் அடியில் வழியும் அளவுக்கு அதை ஊற்றினால் தேங்கிய உப்பு வெளியேறும்.

சாம்பல் பற்றியும் சொல்லணும். அனல்மின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் இங்கே நிலக்கரிச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அடுப்புச் சாம்பல் மாதிரிதானே என்று அள்ளிப் போடாதீர்கள். அதில் போரானும் ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்களும் உண்டு. நாம தின்கிற பழத்துக்கு அது வேண்டவே வேண்டாம். இலையில் சாம்பல் படிந்தால் காலையில் கழுவிவிடுங்கள்.

உரம் என்று பார்த்தால் கொஞ்சம் போதும். நடும்போது மண்ணில் மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம். தையில் மொட்டு வரும்முன் செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், தண்டின் நடுக்குருத்தை மூடாமல் சுற்றிலும். பத்து லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா, இரு வாரத்துக்கு ஒருமுறை. பூ வந்ததும் மீன் அமிலத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் கொழுக்கும், பழம் தளர்ந்து அழுகும்.

போர்த் தண்ணீர் தவிர வேறு வழியில்லையா? அதே தொட்டியில் பீட்ரூட் போடுங்க. ஸ்ட்ராபெரி தாங்குவதைப் போல நாலு மடங்கு உப்பை அது தாங்கும்.